75,000 ரூபாயில் ஒரு விண்வெளிப் படம்

கேள்வி: நாங்கள் களுவாஞ்சிக்குடியில் ஐந்து பேர், உயர்தரம் முடித்துவிட்டு இருக்கிறோம். ஸ்டார் வோர்ஸ் என்ற ஹொலிவூட் விண்வெளிப் படத்தின் உலகத்தை வைத்து தமிழில் ஒரு ரசிகர் படம் எடுக்க ஆசை. 45 நிமிடத்துக்குக் கதை, வசனம் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறோம். பேரரசின் படை ஒரு வாவிக்கரைக் கிராமத்துக்கு வருகிறது. அங்கே மறைந்திருக்கும், ஒளிவாள் ஏந்தும் ஜெடாய் வீரர் வெளியே வருகிறார். கடைசியில் வானத்தில் பெரிய சண்டை. கையில் 75,000 ரூபாய் இருக்கிறது. ஒருவரிடம் கனன் கமரா, மற்றவர்களிடம் போன். ட்ரோன் வாடகை, பச்சைத் திரை, இணையத்தில் வாங்கும் உடுப்பு, மின்னும் வாள் இரண்டு என்று கணக்குப் போட்டால் காசு காணாது. எதைக் குறைக்கலாம்? யூடியூப்பில் போட்டால் வழக்கு வருமா?

பதில்:

தம்பி, உங்கள் செலவுப் பட்டியலில் நான் முதலில் தேடியது மைக்கை. அது இல்லை. ட்ரோன் இருக்கிறது, பச்சைத் திரை இருக்கிறது, வாள்கூட இரண்டு இருக்கிறது. ஆட்கள் பேசுவதை எதில் பதியப்போகிறீர்கள் என்று எங்கும் எழுதவில்லை. நம்முடைய பக்கத்தில் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் பலபேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் சனம் பொறுத்துக்கொள்ளும். பேச்சு விளங்கவில்லை என்றால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். விண்வெளிக் கதைக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். உங்களால் காட்ட முடியாத சாமான்கள்தான் அதில் அதிகம். அத்தனையையும் சத்தத்தால் நம்பவைக்க வேண்டும்.

அதற்கு முதல் நீளத்தைப் பேசுவோம். 45 நிமிடத்தைப் 12 ஆக்குங்கள். கோபிக்க வேண்டாம். ஸ்டார் ட்ரெக் என்ற இன்னொரு விண்வெளித் தொடரின் உரிமையாளர்கள் 2016 இல் ரசிகர் படங்களுக்கென்று விதிகளை வெளியிட்டார்கள். ஒரு பெரிய ரசிகர் படக் குழுவோடு அவர்களுக்கு வழக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. தனிக்கதை என்றால் 15 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, திரட்டும் பணம் 50,000 டொலரைத் தாண்டக்கூடாது, படத்தை வைத்து உழைக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. உங்கள் கதை ஸ்டார் வோர்ஸ் என்பதால் அந்த விதி உங்களைக் கட்டாது. ஆனாலும் ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 50,000 டொலர் திரட்டியவருக்கே 15 நிமிடம்தான்.

எதை வெட்டுவது என்று யோசிக்கத் தேவையில்லை, வானச் சண்டையைத்தான். காசில்லாத விண்வெளிப் படத்துக்கு நேர்மையான வழி இரண்டு. ஒன்று, இல்லாததை வைத்தே சிரிக்கவைப்பது. ஸ்டார் வோர்ஸ் வந்த அடுத்த வருடமே, 1978 இல், ஹார்ட்வேர் வோர்ஸ் என்ற கேலிப்படம் வந்தது. அதில் இஸ்திரிப் பெட்டியும் பாண் வாட்டும் இயந்திரமும்தான் விண்கலங்களாகப் பறந்தன. செலவு 8,000 டொலர் அளவில். மற்ற வழி, இல்லாததைக் கமராவுக்குக் காட்டாமலே விடுவது. உங்கள் கதை சோகக்கதை, ஆகவே உங்களுக்கு இரண்டாவதுதான். இரண்டையும் கலந்தால், அழவேண்டிய இடத்தில் சனம் சிரிக்கும்.

காட்டாமல் எப்படி என்று கேட்பீர்கள். வடமோடிக் கூத்தில் அரசன் களரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் நாடு கடந்து போய்விட்டான் என்று விடியவிடிய இருந்து பார்க்கிற சனம் ஏற்றுக்கொள்கிறது. அதே சனத்தின் பேரப்பிள்ளைகள்தான் உங்கள் படத்தையும் பார்க்கப்போகிறவர்கள். சண்டையை வானத்தில் வைக்காதீர்கள், அதைக் கீழே இருந்து கேட்கிற ஒரு குடும்பத்தில் வையுங்கள்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இரவு. கிடுகு வேலி போட்ட ஒரு வீடு, உள்ளே குப்பி விளக்கு. தாயும் இரண்டு பிள்ளைகளும். தூரத்தில் ஒரு இரைச்சல் தொடங்குகிறது. தண்ணீர்க் குவளை மேசையில் நடுங்குகிறது (மேசைக்குக் கீழே ஒருவர் இருந்து முழங்காலால் ஆட்டினால் போதும்). கூரையிலிருந்து தூசி விழுகிறது. அது ஒருவர் மேலே இருந்து சுளகால் தட்டுகிற கோதுமை மா. பிறகு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் முன்விளக்கைக் கழற்றி, பற்றரியோடு நீளத் தடியில் கட்டி, வேலிக்கு அந்தப்பக்கம் இடமிருந்து வலமாக மெதுவாகக் கொண்டுபோங்கள். கிடுகு இடைவெளிகளால் ஒளிக்கீற்றுகள் தாயின் முகத்தைத் தடவிக்கொண்டு போகும். வீட்டுக்குள் கொஞ்சம் சாம்பிராணிப் புகை போட்டால் ஒவ்வொரு கீற்றும் கத்தி மாதிரித் தெரியும். கடைசியில் கலத்தின் சத்தத்தை மட்டும் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு மேலே ஒரு ராட்சதக் கலம் போய்விட்டது. பச்சைத் திரை வாங்கியிருந்தால் இதில் பாதிகூட வந்திராது.

ஜெடாயின் பழைய வாழ்க்கையைக் காட்டவேண்டும் என்றால் நிழற்படங்களை அடுக்குங்கள். கிறிஸ் மார்க்கர் 1962 இல் எடுத்த பிரெஞ்சுப் படம் 28 நிமிடம். மூன்றாம் உலகப்போருக்குப் பிந்திய காலப்பயணக் கதை. ஏறக்குறைய முழுவதும் அசையாத படங்களும் ஒரு குரலும்தான். ஒரு உடுப்பை வைத்துக்கொண்டு பல இடங்களில் நின்று படம் பிடித்தால் இருபது வருடத்தை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

இனிச் சத்தம். முதலாவது ஸ்டார் வோர்ஸுக்கு ஒலி அமைத்த பென் பேர்ட் விண்வெளியிலிருந்து ஒன்றும் கொண்டுவரவில்லை. ஒளிவாளின் ரீங்காரம் பழைய படம் காட்டும் இயந்திரத்தின் மோட்டார் இரைச்சலும் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கிட்ட மைக் போனபோது பிடிபட்ட இரைச்சலும் சேர்ந்தது. வாளை வீசும்போது வருகிற ‘வூங்’கை அவர் செய்த விதம் இன்னும் எளிமை: ரீங்காரத்தை ஒரு ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதற்கு முன்னால் மைக்கை வீசிப் பதிந்தார். உங்களிடம் புளூடூத் ஸ்பீக்கரும் போனும் இருக்கிறது, இன்றிரவே செய்து பார்க்கலாம். துப்பாக்கிச் சத்தம் கோபுரத்தை இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பெற்றது. (நீங்கள் கோபுரத்துப் பக்கம் போக வேண்டாம். படிக்கட்டில் இறங்குகிற சுருள் கம்பி விளையாட்டுச் சாமானை ஒரு முனையில் தொங்கவிட்டுத் தட்டினாலும் அதே ‘பியூ’ வரும்.) பேரரசின் சிறு போர்க்கலம் அலறுவது யானையின் பிளிறலும் ஈரத் தெருவில் போகிற காரின் சத்தமும் கலந்தது. அம்பாறைப் பக்கம் யானைக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான், ஆனால் கிட்டப்போய்ப் பதிகிற எண்ணம் வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நம்மிடம் இருக்கிறது போதும். நெல் ஆலையின் பெல்ட் ஓடுகிற சத்தத்தைப் பதிந்து, எடிற் பண்ணும்போது பாதி வேகமாக்கினால் கலத்தின் இயந்திர அறை கிடைக்கும். லேண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு) இயந்திரத்தைத் தொடங்க ஆள் திணறுகிற சத்தம், பழுதான கலத்துக்கு அளவெடுத்துச் செய்தது. இயந்திர வள்ளம் தூரத்திலிருந்து கிட்ட வந்து கடந்து போவதைக் கரையில் நின்று பதிந்தால், கலம் கடந்து போவதற்கு வேறெதுவும் தேவையில்லை. வெற்றுத் தண்ணீர்த் தாங்கிக்குள் தலையை விட்டுப் பேசிப் பாருங்கள், கலங்கள் நிறுத்துகிற ஹங்கார் மண்டபம் கேட்கும்.

மற்றது, பாடும் மீன். மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமி இரவில் துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் காதை வைத்தால் கேட்கும் என்று நம் ஆட்கள் சொல்வது உங்களுக்குத் தெரியும். வேற்றுக் கிரகத்து வாவி என்று கதையில் எழுதிவிட்டு அதைத் தேடிப் போகாவிட்டால் எப்படி? தண்ணீருக்குள் விடுகிற மைக்கை வீட்டிலேயே செய்யலாம். இலத்திரனியல் கடையில் பஸ்ஸருக்குள் இருக்கிற பித்தளைத் தட்டு சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதில் வயரைப் பற்றவைத்து, மைக் ஜாக் போட்டு, தட்டு முழுவதையும் சிலிக்கோன் பசையால் மூடிக் காயவிடுங்கள். மீன் பாடினாலும் பாடாவிட்டாலும், வாவிக்கடியில் இறாலும் நண்டும் சொடுக்குகிற சத்தமும் தூரத்து வள்ளத்தின் முனகலும் பிடிபடும். காசு கொடுத்து எங்கேயும் வாங்க முடியாத சத்தங்கள் அவை.

பேச்சுக்குக் காலரில் குத்துகிற வயர் மைக் மூன்று வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு போன் இடுப்பில் இருக்கட்டும், அதுவே ரெக்கோடர். ஒவ்வொரு தரமும் தொடங்கும்போது கமராவுக்கு முன்னால் கை தட்டுங்கள். டாவின்சி ரிசோல்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே ஒலி அலையைப் பார்த்துப் படத்தோடு பொருத்தித் தரும். எடிற்றிங், நிறம், விசேட காட்சிகள், ஒலிக்கலப்பு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. முப்பரிமாண உருவம் செய்யவேண்டுமென்றால் பிளெண்டர் இலவசம். மென்பொருளுக்கு ஒரு சதமும் செலவழிக்காதீர்கள், களவாக இறக்கவும் வேண்டாம்.

வசனத்தைத் தொலைக்காட்சிச் செய்தி வாசிக்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். “மறுகா எண்ணெய் முடிஞ்செண்டா என்ன செய்யிற?” என்று கலம் ஓட்டுகிறவன் கேட்கட்டும். வருடக்கணக்கில் அந்தக் கலத்தோடு மாரடிக்கிற ஆள் வேறெப்படிப் பேசுவான்? பேரரசின் அதிகாரி மட்டும் எழுத்துத் தமிழ் பேசட்டும், வித்தியாசம் தானாகத் தெரியும். நடிக்க ஆள் தேடினால் கல்லடி சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். மேடைக்குப் பழகிய குரல் கமராவுக்குக் கூடிப்போகும். பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசச் சொல்லுங்கள்.

படைவீரர் இருபது பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு உடுப்பு தையுங்கள். முகமூடி போட்டவனுக்கு முகம் இல்லை என்பதுதான் உங்கள் அதிர்ஷ்டம். கமராவை முக்காலியில் அசையாமல் பூட்டி, போக்கஸையும் வெளிச்ச அளவையும் பூட்டி, அதே ஆளை ஐந்து இடங்களில் மாறிமாறி நிறுத்தி எடுத்து, ரிசோல்வில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெட்டினால் ஐந்து பேர். ஒருவரின் நிழல் மற்றவரின் பகுதிக்குள் விழக்கூடாது. வெட்டும் கோடு மதிலிலோ தூணிலோ வரட்டும். அலையிலும் தென்னோலையிலும் வந்தால் அசைவு காட்டிக்கொடுத்துவிடும். ஐந்தையும் மளமளவென்று எடுங்கள், முகில் வந்தால் வெளிச்சம் மாறிவிடும். கவசத்துக்கு இணையத்தில் ஆர்டர் பண்ண வேண்டாம். யோகா பாயை வெட்டிச் சூடுகாட்டி வளைத்தால் மார்புக் கவசம் வரும். தலைக்கவசத்தின் அடிப்படை வடிவத்தைக் கல்யாண மணவறை செய்கிறவர்கள் ரெஜிபோமில் வடிவாகச் செதுக்கித் தருவார்கள். ஜெடாயின் மேலங்கிக்கு மருதமுனைக் கைத்தறித் துணி எடுங்கள். முகமூடிக்குள்ளிருந்து பேசுவது எப்படியும் விளங்காது. பிறகு டப்பிங் செய்து, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிட்டால் ரேடியோக் குரல் கிடைக்கும்.

வாளுக்கு ஒரு சின்னக் கணக்கு. 25 பிரேமில் எடுத்தால் பத்து வினாடிச் சண்டைக்கு 250 பிரேம், எடிற் பண்ணும்போது ஒளி சேர்க்க ஒவ்வொன்றிலும் வாளைச் சுற்றிக் கையால் கோடு போடவேண்டும். ஆகவே வாள் ஒன்று போதும், அது எரிவதும் கடைசியில் ஒரேயொரு தரம். பால்நிறக் குழாய்க்குள் எல்இடி பட்டியை விட்டுச் செய்தால் அதன் ஒளி நடிகர் முகத்தில் உண்மையாகவே விழும். ஷட்டரை வினாடியில் 50 இல் ஒரு பங்காக வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் வீட்டு மின்குமிழ் படத்தில் துடிக்காது.

இப்போது நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லவேண்டிய விஷயம். ஆயுதமேந்தியவர்கள் கிராமத்துக்குள் இறங்கி வீடுவீடாகத் தேடுவது உங்களுக்குப் படக்காட்சி. யுத்தம் முடிந்தது 2009 இல். அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள். உங்கள் தெருவில் இருக்கிற அம்மாக்களுக்கு அது படக்காட்சி இல்லை. மாலை மங்கின நேரத்தில் கையில் துப்பாக்கி மாதிரி ஒன்றோடு ஒருவன் வளவுக்குள் வந்தால், வெள்ளைக் கவசமா பச்சை உடுப்பா என்று யாரும் நிதானித்துப் பார்க்கமாட்டார்கள். அந்தக் காட்சியைப் பகலில், உங்களுக்குத் தெரிந்தவர்களின் வளவில், அயல்வீடுகளுக்கு முதல்நாளே போய்ச் சொல்லிவிட்டு எடுங்கள். பொலிஸ் நிலையத்துக்கும் கிராம சேவகருக்கும் திகதி, இடம், தொலைபேசி இலக்கத்தோடு கடிதம் கொடுத்து, அதன் பிரதியைப் படப்பிடிப்பு இடத்தில் வைத்திருங்கள். இராணுவத்தின் புள்ளித் துணி மாதிரி எதையும் உடுக்கவேண்டாம். துப்பாக்கியைப் பையில் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். நிஜத் துப்பாக்கி வடிவமே வேண்டாம், குழாயும் பழைய ட்ரில் இயந்திர மூடியும் வைத்து வேறு வடிவம் செய்யுங்கள். சொல்லப்போனால், இந்தக் கதையை ஹொலிவூட்காரரைவிட உங்களால் நன்றாக எடுக்க முடியும் என்று நான் நினைப்பதற்கும் காரணம் இதுதான். வீட்டுக் கதவு தட்டப்படும்போது ஒரு தாய் எப்படி இருப்பாள் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதலாம்.

இடங்கள் உங்களைச் சுற்றி இருக்கிறது. கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்பும், மாலையில் வாவிப் பக்கம் விழும். காலை ஆறிலிருந்து ஏழரை வரை கடற்கரைக் காட்சி, பின்னேரம் ஐந்துக்குப் பிறகு வாவிக் காட்சி, நடுப்பகலில் வீட்டுக்குள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரட்டைச் சூரியன் வேண்டுமென்றால் வாவி அஸ்தமனத்தை அசையாமல் எடுத்து, சூரியனைப் பிரதி பண்ணிப் பக்கத்தில் சிறிதாக வையுங்கள். தண்ணீரில் விழுகிற ஒளிக்கோட்டையும் சேர்த்துப் பிரதி பண்ண மறக்கவேண்டாம், பலபேர் பிடிபடுவது அங்கேதான். கல்லடியின் பழைய இரும்புப் பாலம் விடியற்காலையில் விண்நிலையத்து நடைபாதை மாதிரியே இருக்கும். ஒலுவில் துறைமுகத்துக்குள் போக அனுமதி வேண்டும், அதற்குப் பின்னால் அலையாமல் வெளியே கடற்கரையில் குவிந்திருக்கும் கற்பாறைகளை எடுங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மதியத்துக்குப் பிறகு மைக்கில் காற்றைத் தவிர ஒன்றும் விழாது. மாரி மழைக்கு முதல் முடித்துவிடுங்கள்.

ட்ரோனை விடுங்கள். பதிவும் அனுமதியும் வேண்டும், விமான நிலையமும் விமானப்படையும் மட்டக்களப்பு நகரத்தை ஒட்டியே இருக்கிறது, உங்கள் கதைக்கோ மேலிருந்து பார்க்கிற காட்சி ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

வழக்கு பற்றிக் கேட்டீர்கள். காசு பார்க்காத ரசிகர் படங்களை, ஸ்டார் வோர்ஸை எடுத்த லூக்காஸ்பிலிம் நிறுவனம் பெரும்பாலும் விட்டுவைத்திருக்கிறது. 2002 இலிருந்து பல வருடம் அவர்களே அவற்றுக்குப் போட்டி வைத்துப் பரிசும் கொடுத்தார்கள். அது அவர்களின் பெருந்தன்மை, உங்களுக்கு உரிமை ஒன்றும் இல்லை. யூடியூப்பில் விளம்பர வருமானத்தைத் திறக்காதீர்கள், படத்தின் பெயரால் டீசேர்ட்டும் விற்காதீர்கள். உண்மையான தொல்லை இசையால்தான் வரும். ஜோன் வில்லியம்ஸின் மெட்டை நீங்களே ஓர்கனில் வாசித்தாலும் மெட்டு அவருடையது. யூடியூப்பின் தானியங்கி பிடித்துவிடும். ஒரு கூத்து அண்ணாவியாரைக் கண்டு மத்தளமும் சல்லரியும் வாசிக்கச் சொல்லிப் பதிந்து, வேகத்தைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள். பேரரசுப் படை வருகிற காட்சிக்கு நான் அதைத்தான் போடுவேன். அவருக்குக் கையில் ஏதாவது வைத்துக் கொடுங்கள், பெயரையும் போடுங்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். ஜெடாய், பேரரசு என்ற பெயர்களையும் அந்த ஒளிவாளையும் வெள்ளைக் கவசத்தையும் மாற்றினால் இந்தக் கதையில் என்ன குறையும்? எனக்கு ஒன்றும் குறைவதாகத் தெரியவில்லை. மாற்றிவிட்டால் படம் உங்கள் சொத்து, எந்த விழாவுக்கும் அனுப்பலாம். ரசிகர் படமாகத்தான் வேண்டும் என்றால் அப்படியே எடுங்கள், தப்பில்லை.

காசைப் பிரித்தால் இப்படி வரும்: ஒலிக்கு 25,000, உடுப்புக்கும் வாளுக்கும் 20,000, சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் 20,000, மிச்சம் 10,000 ஐத் தொடாதீர்கள், ஏதாவது உடையும். சாப்பாட்டுக் காசில் கை வைத்தால் சும்மா நடிக்க வந்தவர்கள் அடுத்த நாள் வரமாட்டார்கள்.

உடுப்பு தைக்கக் கொடுப்பதற்கு முதல், அந்தக் கிடுகு வீட்டுக் காட்சியை மட்டும் வீட்டு உடுப்போடு போனில் எடுத்து, சத்தம் சேர்த்து முடியுங்கள். திரையை மூடிவைத்து, கதை தெரியாத ஒரு பெரியம்மாவுக்குச் சத்தத்தை மட்டும் போட்டுக் காட்டி, என்ன நடக்குது என்று கேளுங்கள். “மேல என்னமோ பெருசாப் போகுதுகா” என்று சொன்னால் அடுத்த நாளே தையல்காரரிடம் போகலாம். “மில் ஓடுது” என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் வேகத்தைக் குறையுங்கள்.